முந்திரிக்கொட்டை காணாமல் போன செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு முந்திரிக்கொட்டை கைதட்டவில்லை.

லிஃப்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ட்ரம்பெட் உச்சிக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று ஊரைப் பார்த்துவிட்டு, படிப்படியாக இறங்கி முடித்தது. முடித்த கையோடு 'தட், தட், தட்' என்று மூன்று தட்டு விழ வேண்டும். விழவில்லை. நாலு விநாடி கழித்து மற்ற ஜனங்கள் வழக்கம்போல ஒன்றாகச் சேர்ந்து கைதட்டினார்கள். பியானோ ஆரம்பித்துவிட்டது.

ரெக்கார்டு மேலிருந்த முள்ளைத் தூக்கிச் சற்றுப் பின்னால் வைத்துப் பார்த்தார். ட்ரம்பெட் மறுபடி ஏறியது, இறங்கியது. தட்டு இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. அதற்குள் மணி ஏழாகிவிட்டது. ஏழுக்கு மேல் பாட்டுப் போடுவதில்லை என்று அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டியை மூடினார்.

அது ஒரு பழைய ஜாஸ் ரெக்கார்டு. அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு விடுதியில், ஜனங்கள் மேஜை போட்டு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்க, ஐந்து பேர் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. ஐந்து பேரும் தனித்தனியாக வீட்டை விட்டு ஓடிப்போய், கடைசியில் ஒரே பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வது மாதிரி இருக்கும் அந்தச் சங்கீதம். உற்றுக் கேட்டால் கண்ணாடி டம்ளர்கள் மோதிக்கொள்வது கேட்கும். ஒருவர் இருமுவார். ஒரு பெண்பிள்ளை எதற்கோ சிரிப்பாள்.

இத்தனை பேர் இருந்தும் லிஃப்ட்காரருக்கு வேண்டியவர் ஒருவர்தான். ட்ரம்பெட் முடித்ததும் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முந்திக்கொண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு, ஐயையோ யாரும் தட்டவில்லையே என்று கூச்சப்பட்டு நிறுத்திக்கொள்கிறவர். அதனால்தான் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். மற்றவர்களின் கைதட்டல் தூரத்து மழை மாதிரிக் கேட்கும். இவருடையது மட்டும் பக்கத்தில் கேட்கும், ஆள் அறைக்குள்ளேயே இருப்பது மாதிரி. மைக்குக்கு அடுத்த மேஜை போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் முடிவு கட்டியிருந்தார். அந்த ஆள் தனியாகத்தான் வந்திருப்பார், தூணோரம் உட்கார்ந்திருப்பார், மழையில் நனைந்த தொப்பியை மடியில் வைத்திருப்பார் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். தினமும் கைதட்டல் முடிந்ததும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ரெக்கார்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார்.

லிஃப்ட்காரர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்ததில்லை, முடிவெடுக்க மறந்துவிட்டார். வேலை, லிஃப்ட் ரிப்பேர். பகல் முழுக்க அவர் மனிதர்களோடு பேசுவது மூடிய கதவின் வழியாகத்தான். "உள்ள எத்தனை பேரு? பயப்படாதீங்க. சுவத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க." கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் அவரைத் தாண்டி ஓடிவிடுவார்கள். முப்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றியிருக்கிறார். ஒருத்தர் முகமும் அவருக்கு நினைவில்லை, முதுகுகள் நினைவிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்யும் தங்கச்சியிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். இதற்காக ஞாயிறு வரை காத்திராமல் புதன்கிழமையே அவராகப் போன் செய்தார். அவள் பயந்துவிட்டாள்.

"அண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்பு இருக்கு. கைதட்டல்தான் போச்சு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "தேஞ்சு போயிருக்கும். தினம் அதே பாட்டைப் போட்டா அது என்ன பண்ணும்? செருப்பே தேயுது."

"தேஞ்சா எல்லாந்தானே தேயணும். ட்ரம்பெட் இருக்கு, பியானோ இருக்கு, இருமுறவன்கூட இருக்கான். இவரு மட்டும் எப்படிப் போவாரு? நீகூட ஒரு தடவை போன்ல கேட்டியே."

"கேட்டேன். உன் வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். அப்புறந்தான் ரெக்கார்டுன்னு சொன்னே" என்றாள். "அண்ணே, கோச்சுக்காதே. கைதட்டுறதுக்கு நிஜமாவே ஒரு ஆளைப் பாத்து வெச்சிருக்கலாம் நீ."

"உன் வீட்டு அடுப்புல ஏதோ தீயுது பாரு."

"இங்க தீயுறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் தீயும்."

புதன்கிழமை முள்ளை மாற்றினார். புது முள்ளில் இருமல் இன்னும் தெளிவாகக் கேட்டது. கைதட்டல் இல்லை.

வியாழக்கிழமை, பள்ளத்தில் அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும், முந்திரிக்கொட்டை அதற்கு அடியில்தான் இருப்பார் என்று தோன்றியது. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி ரெக்கார்டைக் குளிப்பாட்டினார். நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் கையோடு வந்துவிட்டது. பரவாயில்லை, பெயரில் என்ன இருக்கிறது என்று ஜன்னலோரம் காய வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு துணிக்கடை லிஃப்டில் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே எடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் வெயில் வேலையை முடித்திருந்தது. ரெக்கார்டு ஒரு பக்கம் தொப்பி மாதிரி வளைந்திருந்தது. போட்டுப் பார்த்தார். ட்ரம்பெட்காரர் கப்பலில் ஏறி, அலையில் தலை சுற்றி, யாரிடமோ எலுமிச்சம்பழம் கேட்பது போலிருந்தது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். ஆனால் லிஃப்ட்காரருக்கு ஒரு தொழில் நம்பிக்கை உண்டு. லிஃப்ட் மேலே போகக் கீழே ஓர் எடை இறங்க வேண்டும். உலகத்தில் சரியாகாதது எதுவும் போதிய எடை வைக்காததால்தான் சரியாகாமல் இருக்கிறது. மறுநாள் பட்டறையிலிருந்து லிஃப்ட் எதிர்எடையின் இரும்புக் கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு கிலோ.

மூன்றாவது மாடி நடையில் பக்கத்து வீட்டு அம்மா தன் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எங்கேயோ டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட்காரர் குடிவந்த புதிதில், பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் பாட்டு ஓடும்போது அந்த அம்மா வந்து கதவைத் தட்டினார். லிஃப்ட்காரர் திறக்கவில்லை. அடைத்த கதவைத் திறப்பது அவர் தொழில் என்றாலும், எதிர்ப்பக்கம் கோபமான ஆள் இருந்தால் திறப்பது அவர் சுபாவம் இல்லை. ஒரு சீட்டு எழுதி அடுத்த வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார்: 'மாலை ஆறரை முதல் ஏழு வரை மட்டும் பாட்டுப் போடுவேன். பொறுத்துக்கொள்ளவும்.' அதே சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கம் 'சரி' என்று டைப் அடித்திருந்தது. இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து அத்தோடு முடிந்தது. லிஃப்ட்காரரும் சீட்டை மீறி ஒரு நிமிஷம் முன்னே பின்னே போட்டதில்லை.

"என்ன, வீட்டுக்குள்ளேயே லிஃப்ட் போடறீங்களா?" என்றார் அந்த அம்மா, இரும்பைப் பார்த்து.

"இல்லீங்க. பாட்டு கேக்கறதுக்கு."

"ஓ" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் இரும்பையே பார்த்தார்.

தோளைச் சுற்றிச் சால்வை போர்த்தியிருந்தார். சாவியை இடது கையால் திருகினார். அது வழுக்கி வழுக்கி வந்தது. இடது கைக்காரர் போலிருக்கிறது, இத்தனை வருஷம் கவனிக்கவில்லையே என்று லிஃப்ட்காரர் நினைத்தார். அதற்கு மேல் நினைக்க இருபத்திரண்டு கிலோ விடவில்லை.

"ரெண்டு மூணு நாளா உங்க பாட்டு..." என்று ஆரம்பித்தார் அம்மா.

"தெரியுதுங்க. அதையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டேன். தொந்தரவுதான்."

"அது இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இன்னையிலேருந்து சத்தத்தைப் பாதியாக் குறைச்சுக்கறேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே புகுந்து காலாலேயே கதவைச் சாத்தினார். எந்த லிஃப்டும் அவ்வளவு வேகமாகக் கதவு சாத்தி அவர் பார்த்ததில்லை.

ரெக்கார்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து, மேலே இரும்பை ஏற்றி, நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தபோது தரை மாதிரித் தட்டையாக இருந்தது. தொழில் நம்பிக்கை பொய்க்கவில்லை. நடுவிலிருந்து விளிம்பு வரை தலைமுடி போல ஒரு விரிசல் மட்டும் ஓடியிருந்தது. முள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரிசலைத் தாண்டும்போது 'டக்' என்றது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று டக். ஒரு கைதட்டல் கேட்டவருக்கு முப்பத்து மூன்றாகக் கிடைத்தது. ஆனால் எதிலும் அவர் இல்லை. முந்திரிக்கொட்டை அவசரக்காரர்தான்; ஆனாலும் ட்ரம்பெட் முடியும் வரை காத்திருக்கத் தெரிந்தவர்.

ஊரில் ஜாஸ் ரெக்கார்டு சேர்க்கிற இன்னொரு ஆள் பல் டாக்டர். பழைய சாமான் கடையில் இருவரும் எதிரெதிரே வருவார்கள், சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கும்போது டாக்டர் அவர் பல்லைப் பார்ப்பார். நட்பு அவ்வளவுதான். அவரிடம் நேரம் கேட்டபோது இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். பல்வலி என்றால் உடனே வரலாமாம். ரெக்கார்டு என்றால் வரிசையாம்.

டாக்டர் ரெக்கார்டை நோயாளி நாற்காலியில் சாய்த்து வைத்து, மேல்விளக்கை இழுத்து, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியால் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து. மூணு வாரம் தாண்டியாச்சு."

"சூடா ஏதாவது பட்டுதா?"

"வெயில்."

"வலி இருக்கா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "சாயங்காலம் ஆறு நாப்பத்தொண்ணுக்கு இருக்கு."

டாக்டர் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் கீறியிருந்த எண்ணைப் படித்துவிட்டு, வேரோடு எடுக்க வேண்டிய பல்லைப் பார்த்த முகத்தோடு நிமிர்ந்தார். "இது ரெண்டாவது அச்சு. இதுல சின்னச் சத்தமெல்லாம் மேலாகத்தான் பதிஞ்சிருக்கும். நாளாக நாளாகக் கழண்டுடும். உங்க ஆள் விழுந்துட்டாரு."

"இதுக்கு என்ன வழி?"

"முதல் அச்சு வேணும். உலகத்துல ரொம்பக் கம்மி." விளக்கை அணைத்தார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"அதுல கைதட்டல் இருக்கா?"

"முதல் அச்சுல இல்லாம எங்க போகும்?"

"கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

டாக்டர் அதிர்ந்து போனார். "முதல் அச்சை யாராவது போடுவாங்களா? வாங்கிப் பத்தொன்பது வருஷமாச்சு. இன்னிவரைக்கும் அதுமேல முள்ளு பட்டதில்ல."

"அப்போ நீங்க எதைக் கேப்பீங்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அதுதான் என்கிட்ட இருக்கே."

டாக்டர் அதைப் பணத்துக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. ரெக்கார்டுக்கு ரெக்கார்டு என்றார். லிஃப்ட்காரரிடம் விரிசல் விட்டதைத் தவிர்த்து நூற்றுநாற்பத்தொரு ரெக்கார்டு இருந்தது. எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

"நூத்திநாப்பத்தொண்ணு" என்றார் டாக்டர்.

ஒரு வாரம் லிஃப்ட்காரர் யோசித்தார். ஒவ்வொரு ரெக்கார்டையும் எந்தத் தெருவில் வாங்கினார், அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் என்ன லிஃப்ட் கோளாறு, எல்லாம் அவரால் சொல்ல முடியும். கேட்க ஆள் இல்லாததால் சொன்னதில்லை. அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் யாரும் முந்திக்கொண்டு கைதட்டவில்லை. எல்லோரும் நேரத்தோடு, கூட்டத்தோடு தட்டுகிறவர்கள். அவர்களுக்கு இவர் தேவையில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிளினிக் வேன் வந்து நூற்றுநாற்பத்தொன்றையும் ஏற்றிக்கொண்டு போனது. அடுக்கில் தூசி இல்லாத நீளக் கோடு ஒன்று மிஞ்சியது.

ஆறரைக்கு முதல் அச்சைப் போட்டார். சத்தத்தைக்கூட அன்றைக்குக் குறைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் உறையிலேயே இருந்த ஐந்து வாத்தியக்காரர்கள் அடைத்துவைத்ததற்கெல்லாம் சேர்த்து வாசித்தார்கள். டம்ளர் மோதியது கேட்டது. சிரித்த பெண்பிள்ளை எதற்குச் சிரித்தாள் என்பது வரைக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்கு ட்ரம்பெட் இறங்கி முடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு விநாடி. ஜனங்கள் கைதட்டினார்கள்.

லிஃப்ட்காரர் டாக்டருக்குப் போன் செய்தார்.

"டாக்டர், அவரு இதுலயும் இல்ல."

"முள்ளு வெச்சுட்டீங்களா?"

"வெச்சேன்."

"அப்போ அது போட்ட ரெக்கார்டு. திருப்பி வாங்கிக்க முடியாது."

"இருக்கும்னு சொன்னீங்களே."

"இல்லாம எங்க போகும்னு கேட்டேன். அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் டாக்டர். "அப்புறம், அந்தக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைக் காட்டிட்டுப் போங்க. போனவாட்டியே பாத்தேன்."

மறுநாள் ஞாயிறு. தங்கச்சி கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணே, ஒருவேளை அப்படி ஒரு ஆளே..." என்று ஆரம்பித்தாள்.

"நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன்."

"அப்போ அடுப்பைப் பாரு."

ஆனால் போனை வைத்ததும் அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒரு ஆளே இல்லையோ. பதிமூன்று வருஷமாகக் காலியான அறையில் உட்கார்ந்து, இல்லாத ஆளிடம் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ. ரெக்கார்டு பிளேயர் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினார். அன்றிலிருந்து பாட்டு இல்லை. ஆறரைக்கு மட்டும் பழக்கத்தில் நாற்காலியில் வந்து உட்காருவார். ஏழுக்கு எழுந்து போவார். நடுவில் அரைமணி நேரம் அடுக்கில் இருந்த தூசி இல்லாத கோட்டில் தூசி விழுவதைப் பார்ப்பார்.

அந்த வாரம் ஓர் அலுவலகத்தில் பதினோரு பேர் மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறந்துவிட்டார். பதினோரு முதுகும் போன பிறகு, திறந்த கதவின் முன்னால் அவர் ஒரு நிமிஷம் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று அங்கே இருந்த வாட்ச்மேனுக்குப் புரியவில்லை.

"ஏதாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"இல்ல. ஒரு சத்தமும் கேக்கல. அதான்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாட்டு நின்ற பன்னிரண்டாம் நாள், ஆறு இருபத்தைந்துக்கு, அழைப்புமணி அடித்தது. அது அடித்து எத்தனையோ காலமாகியிருந்ததால் முதலில் கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு பிறகுதான் அடித்தது. லிஃப்ட்காரர் கதவைத் திறந்தார். தோளில் பையும் கையில் ஒரு சின்ன ரப்பர் பந்துமாக முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றிருந்தார்.

"சார், நான் பிசியோதெரபிஸ்ட். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பயிற்சி குடுக்க வந்திருக்கேன். அவங்கதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"பாட்டுச் சத்தந்தானே? நிறுத்திப் பன்னெண்டு நாளாச்சுன்னு சொல்லுங்க. இனிமே தொந்தரவே இருக்காது."

"அதான் சார் இப்போ பிரச்சினையே" என்றார் அந்தப் பெண். "ஒரு செவ்வாய்க்கிழமை குளிக்கிற அறையில வழுக்கி வலது மணிக்கட்டு உடைஞ்சதுலேருந்து ஆறு வாரம் மாவுக்கட்டு, நேத்துதான் பிரிச்சோம்; விறைப்பு விடறதுக்கு தினம் கொஞ்சம் கைதட்டுங்கம்மான்னா, பதிமூணு வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் ட்ரம்பெட் முடியிற இடத்துல மூணு தடவை தட்டித்தான் பழக்கம், சும்மா தட்ட வராதுங்கறாங்க... அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடறீங்களா?"